லினக்ஸ் போட்டாச்சு, சிஸ்டம் எழும்பவில்லை: காரைக்குடி பழுதுமேசையிலிருந்து கேள்வி பதில்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் கூடிவிட்டார்கள். எனக்குக் காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழில். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் போன்களில் இப்போது ஒரே பல்லவிதான்: “அண்ணே, லினக்ஸ் போட்டேன். நல்லபடியா முடிஞ்சதுன்னு சொல்லுச்சு. ரீஸ்டார்ட் பண்ணா எந்திரிக்கவே மாட்டேங்குது.” ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கட்டளைகள் வரும் இடத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். நான் சொல்வது பெரும்பாலும் உபுண்டு, மின்ட், டெபியன் என்ற மூன்று லினக்ஸ் வகைகளுக்கும் பொருந்தும்.

சிஸ்டம் எழும்பவில்லை. பேசாமல் மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் பண்ணிவிடவா?

வேண்டாம். என்னிடம் வரும் கேஸ்களில் ஃபைலை இழந்தவர்கள் அநேகமாக இரண்டாவது, மூன்றாவது இன்ஸ்டாலில்தான் இழந்திருக்கிறார்கள். முதல் தடவை கவனமாகப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) பார்த்துப் பார்த்துப் போட்டவர், மூன்றாவது தடவை எரிச்சலில் “முழு டிஸ்க்கையும் அழி” என்பதை அமுக்கிவிடுவார்.

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பு வாசலில் நின்று பார்த்தால் வளவு என்ற முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். நடுவில் ஏதாவது ஒரு கதவு சாத்தியிருந்தால் பார்வை அதோடு நின்றுவிடும். சிஸ்டம் எழும்புவதும் இப்படித்தான். பவர் பட்டனை அமுக்கியதும் மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ விழிக்கிறது. அது கிரப் என்ற பூட்லோடரைத் தேடி எழுப்புகிறது. கிரப், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தற்காலிக சிஸ்டத்தையும் மெமரியில் ஏற்றுகிறது. கெர்னல் உங்கள் உண்மையான பார்ட்டிஷனைத் திறந்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பும் சிஸ்டம்டி கையில் ஒப்படைக்கிறது. கடைசியில்தான் லாகின் திரை வரும்.

எந்தக் கதவில் நின்றது என்பதைத் திரையே சொல்லும். கம்பெனி லோகோவுக்குப் பிறகு “நோ பூட்டபிள் டிவைஸ்” என்றால் கிரப் வரைக்கும் போகவே இல்லை. “கிரப் ரெஸ்க்யூ” என்று வந்தால் கிரப் பாதிதான் எழுந்திருக்கிறது. கிரப் மெனு வந்து, லினக்ஸைத் தேர்ந்த பிறகு கறுப்பாகிறது என்றால் கோளாறு கெர்னலில் அல்லது திரை டிரைவரில். “எமர்ஜென்சி மோட்” என்றால் கிட்டத்தட்ட வீட்டுக்குள் போய்விட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதல் வேலை, திரையை போனில் ஒரு போட்டோ எடுப்பது.

“நோ பூட்டபிள் டிவைஸ்” என்றுதான் வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பென்டிரைவ் ஒரு முறையில் எழும்பி, லேப்டாப் வேறு முறையில் டிஸ்க்கைத் தேடுவதுதான் பாதி நேரம் காரணம்.

பழைய பயாஸ் முறைக்கு லெகசி என்று பெயர். அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் பூட் கோடு இருக்கிறதா என்று பார்க்கும். புது யூஇஎஃப்ஐ முறை அப்படியில்லை. டிஸ்க்கில் இஎஸ்பி என்ற சின்ன ஃபேட்32 பார்ட்டிஷனைத் திறந்து, அதற்குள் இருக்கும் பூட் ஃபைலை எடுக்கும். நீங்கள் பென்டிரைவை லெகசியில் எழுப்பி லினக்ஸ் போட்டிருந்தால் அது லெகசிக்குத்தான் போட்டிருக்கும். லேப்டாப் யூஇஎஃப்ஐ மட்டும் என்று இருந்தால் அதன் கண்ணுக்கு டிஸ்க் காலி.

சோதிப்பது சுலபம். பென்டிரைவை மறுபடி செருகி, பூட் மெனுவுக்குப் போங்கள். டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப் என்பது வழக்கம். ஏசரில் சில மாடல்களில் எஃப்12 மெனுவையே முதலில் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டியிருக்கும். மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியலாம். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிறகு வந்த லேப்டாப் என்றால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே எடுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ், அதாவது லைவ் திரை, வந்ததும் ஃபைல் மேனேஜரில் சிஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று போய்ப் பாருங்கள். அந்த இஎஃப்ஐ ஃபோல்டர் இருந்தால் நீங்கள் யூஇஎஃப்ஐ முறையில் இருக்கிறீர்கள். இல்லையென்றால் லெகசி.

முறை எல்லாம் சரிதான். என்னுடையது ஏசர். அப்படியும் டிஸ்க்கைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது.

இது ஏசர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. நம்பகமான பூட் ஃபைலை மட்டும் உள்ளே விடும் காவலான செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கும்போது, “இந்த ஃபைலை நம்பு” என்று நாமே சொல்லும்வரை பல ஏசர் மாடல்கள் கிரப்பைப் பட்டியலில் சேர்க்காது.

எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒன்று வையுங்கள். வைத்தால்தான் மங்கலாக இருக்கும் மற்ற வரிகள் உயிர்பெறும். “செலக்ட் அன் யூஇஎஃப்ஐ ஃபைல் ஆஸ் டிரஸ்டட்” என்ற வரியைத் திறந்து, டிஸ்க், இஎஃப்ஐ, உபுண்டு என்று இறங்கி, ஷிம் என்று தொடங்கி எக்ஸ்64 என்று முடியும் ஃபைலை (செக்யூர் பூட்டைத் தாண்டி கிரப்பை எழுப்பித் தருவது இதுதான்) தேர்ந்து, அதற்கு ஒரு பெயர் கொடுங்கள். சேமித்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், பூட் பக்கத்தில் அந்தப் பெயரை மேலே ஏற்றுங்கள்.

அந்த பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி லேப்டாப் பையிலேயே போட்டு வையுங்கள். வைத்த பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

மின்ட் போட்டேன். பூட் மெனுவில் உபுண்டு என்று காட்டுகிறதே, தப்பாக எதையாவது இறக்கிவிட்டேனா?

இல்லை. மின்டின் வழக்கமான பதிப்பு உபுண்டு மேல் கட்டப்பட்டது. இஎஸ்பியில் உபுண்டு என்ற ஃபோல்டர் பெயரிலேயே உட்காரும். அதையே தேர்ந்தெடுங்கள்.

இன்ஸ்டால் சரியாக இருந்தும் எச்பி லேப்டாப் நேராக விண்டோஸுக்கே போகிறது. ஏன்?

சில மாடல்கள் விண்டோஸ் பூட் மேனேஜரை மட்டும் முதல் மரியாதைக்கு உரியவராக நினைக்கும். எஃப்10 தட்டி பயாஸில் பூட் வரிசையைத் திறந்து, “ஓஎஸ் பூட் மேனேஜர்” என்பதில் என்டர் தட்டினால் உள்ளே இன்னொரு பட்டியல் விரியும். அதில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். பலருக்கு அந்த உள்பட்டியல் இருப்பதே தெரியாது.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு பின்வழி இருக்கிறது. யூஇஎஃப்ஐ விதிப்படி, வேறு எதுவும் கிடைக்காதபோது லேப்டாப் இஎஸ்பிக்குள் இஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதில் பூட்எக்ஸ்64 என்ற ஃபைலைத் தேடும். ஷிம்மை அந்தப் பெயரில் நகலெடுத்து, பக்கத்திலேயே கிரப் ஃபைலையும் வைத்தால் எழும்பும். ஏற்கெனவே அங்கே இருக்கும் ஃபைலை அழிக்காமல் பெயர் மாற்றி வையுங்கள்.

இன்ஸ்டால் பண்ணும்போது அந்த 100 எம்பி பார்ட்டிஷனையும் ஃபார்மட் அடித்துவிட்டேன். இப்போது விண்டோஸும் வரவில்லை.

அதுதான் இஎஸ்பி. செட்டிநாட்டு வீட்டில் பங்காளிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது குடும்பத்துக்கும், வளவைச் சுற்றி ஓர் அறை இருக்கும். அறைக்குப் பூட்டு தனித்தனி, முகப்பு எல்லோருக்கும் பொது. தன் அறையை ஒருவர் என்னவும் செய்துகொள்ளலாம், முகப்பை இடிக்க முடியாது. இஎஸ்பி அந்த முகப்பு. விண்டோஸின் பூட் ஃபைலும் லினக்ஸின் பூட் ஃபைலும் அங்கேதான் ஒன்றாக இருக்கும்.

நல்ல செய்தி, உங்கள் விண்டோஸ் அறை இடியவில்லை, போகும் வழிதான் போயிற்று. இன்னொரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து எழுப்பி, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிசிடிபூட் என்ற கட்டளையால் ஃபைல்களைத் திரும்ப எழுதலாம். அதன் பிறகு லினக்ஸ் பக்கம் கிரப்பைச் சரிசெய்யலாம். அடுத்த தடவை இன்ஸ்டாலரில் இஎஸ்பியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், ஃபார்மட் பெட்டியில் மட்டும் டிக் போடாதீர்கள்.

புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸ் போட்டேன். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் எழும்பவில்லை.

உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மின்டும் அதையே பயன்படுத்தி வந்தது. லினக்ஸை இரண்டாவது டிஸ்க்கில் போடச் சொன்னாலும், பூட் ஃபைலை முதல் டிஸ்க்கின் இஎஸ்பியிலேயே கொண்டுபோய் வைக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் பூட் ஃபைலும் கூடவே போய்விடுகிறது. முடிந்தால் இன்ஸ்டால் பண்ணும்போதே மற்ற டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் புது எஸ்எஸ்டியில் ஓர் இஎஸ்பி உருவாக்கி, கீழே சொல்லும் பூட் ரிப்பேர் கருவியில் அதைக் காட்டுங்கள்.

“கிரப் ரெஸ்க்யூ” என்று கறுப்புத் திரையில் வந்து நிற்கிறது. என்ன தட்டினாலும் தெரியாத கட்டளை என்கிறது.

இது எனக்குப் பிடித்த கேஸ், ஏனென்றால் பார்க்கப் பயமாக இருக்கும், சரிசெய்ய ஐந்து நிமிடம்தான். கிரப்பின் முதல் துண்டு எழுந்துவிட்டது. மீதித் துண்டுகள் இருக்கும் பார்ட்டிஷனை அதற்குத் தெரியவில்லை. விண்டோஸில் இருந்தபடியே யாராவது ஒரு பார்ட்டிஷனை அழித்திருப்பார்கள், அல்லது எண் மாறியிருக்கும்.

முதலில் எல்எஸ் என்று தட்டி என்டர். அடைப்புக்குறிக்குள் எச்டி0, பிறகு எச்டி0 காற்புள்ளி ஜிபிடி1, ஜிபிடி2 என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்: எல்எஸ், ஓர் இடைவெளி, பிறகு அந்தப் பெயரை அடைப்புக்குறியோடு அப்படியே, கடைசியில் ஒரு சாய்கோடு. “அன்னோன் ஃபைல்சிஸ்டம்” என்றால் அது அல்ல, அடுத்ததுக்குப் போங்கள். ஹோம், யூஎஸ்ஆர், ஈடிசி, பூட் என்றெல்லாம் ஃபோல்டர் பெயர்கள் கொட்டினால் அதுதான் உங்கள் லினக்ஸ்.

அது ஜிபிடி5 என்று வைத்துக்கொள்வோம். செட், இடைவெளி, ரூட், சமக்குறி, அந்தப் பார்ட்டிஷன் பெயர் அடைப்புக்குறியோடு. என்டர். அடுத்து செட், இடைவெளி, பிரிஃபிக்ஸ், சமக்குறி, அதே பெயர், அதோடு ஒட்டியே சாய்கோடு பூட் சாய்கோடு கிரப். என்டர். அடுத்து இன்ஸ்மாட் இடைவெளி நார்மல். அது பேசாமல் ஏற்றுக்கொண்டால் நார்மல் என்று மட்டும் தட்டுங்கள். மெனு வந்துவிடும். சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. பாதிப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான்.

உள்ளே போனதும் வேலை முடியவில்லை. டெர்மினல் திறந்து சூடோ கிரப்-இன்ஸ்டால், பிறகு சூடோ அப்டேட்-கிரப். லெகசி முறை என்றால் கிரப்-இன்ஸ்டாலுக்குப் பிறகு டிஸ்க்கின் பெயரையும் தர வேண்டும். சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கின் பெயரைத் தர வேண்டும், எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷனை அல்ல. இதைச் செய்யாவிட்டால் நாளைக் காலையில் அதே திரை உங்களுக்காகக் காத்திருக்கும்.

கிரப் மெனு வருகிறது. லினக்ஸைத் தேர்ந்ததும் திரை கறுப்பு. ஃபேன் மட்டும் ஓடுகிறது.

பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர், அதிலும் என்விடியா கார்டு உள்ள மெஷின்களில். மெனுவில் லினக்ஸ் வரியின் மேல் நின்று ஆங்கில “இ” (e) எழுத்தை அமுக்குங்கள். ஒரு பக்கம் எழுத்துகள் வரும். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீளமான வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் கொயட் ஸ்பிளாஷ் என்று இருக்கும். அந்த இரண்டு சொல்லையும் அழித்துவிட்டு, அங்கே நோமோட்செட் என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டி எஃப்10 அமுக்குங்கள். கெர்னல் திரை முறையை மாற்றாமல், எளிய முறையிலேயே படம் காட்டும். கொயட் ஸ்பிளாஷை அழித்ததால் இன்னொரு லாபம்: சிஸ்டம் எங்கே திணறுகிறது என்பது எழுத்தாக ஓடும்.

இது அந்த ஒரு தடவைக்கு மட்டும். உள்ளே போனதும் மின்டில் டிரைவர் மேனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் திறந்து, பரிந்துரைக்கும் டிரைவரைப் போட்டால் பிறகு தானாகவே எழும்பும்.

மெனுவே காட்டாமல் போகிறதா? யூஇஎஃப்ஐ மெஷினில் லோகோ வந்ததும் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். லெகசியில் ஷிஃப்ட்டை அமுக்கியபடி இருங்கள்.

இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் ஏதோ மாக் என்று கேட்டது. பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கையெழுத்து இல்லாத டிரைவரை அது உள்ளே விடாது. மாக் என்பது அந்த டிரைவரை நம்பலாம் என்று மெஷினின் சொந்தக்காரர் தரும் சாவி. அதனால்தான் இன்ஸ்டாலின்போது உங்களிடம் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னது. நீலத் திரையில் “என்ரோல் மாக்”, “கன்டின்யூ”, “யெஸ்” என்று போய் அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். சில நொடி சும்மா இருந்தால் திரை போய்விடும். சிஸ்டம் எழும்பும், ஆனால் என்விடியாவோ சில வைஃபை டிரைவர்களோ வேலை செய்யாது. டிரைவரை மறுபடி நிறுவினால் அந்தத் திரை திரும்ப வரும்.

இதே பக்கத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, இரண்டும் சேர்த்து வைத்திருந்த பல மெஷின்களில் லினக்ஸ் “எஸ்பிஏடி செல்ஃப் செக் ஃபெயில்ட்” என்று சொல்லி அணைந்துபோனது. பழைய ஷிம்மை அந்த அப்டேட் தடைப்பட்டியலில் சேர்த்ததுதான் காரணம். பழைய இன்ஸ்டால் பென்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு அதே வாசகம் வரலாம். புதிய பதிப்பை இறக்கிப் பென்டிரைவ் தயார் செய்யுங்கள். முடியாவிட்டால் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு உள்ளே போய், சிஸ்டத்தை அப்டேட் செய்து, பிறகு இயக்குங்கள்.

செக்யூர் பூட்டை அணைத்தேன். இப்போது விண்டோஸ் 48 இலக்க எண் கேட்கிறது!

இது பிட்லாக்கர், விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. விண்டோஸ் 11 ஹோமில்கூட மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், உங்களுக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். போனில் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தால் மீட்புச் சாவி இருக்கும். செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கினாலே கேட்பதை நிறுத்திவிடும் சமயங்களும் உண்டு. பயாஸில் கை வைப்பதற்கு முன்னால் சாவியை எழுதி வைப்பதுதான் முறை. சாவி எங்குமே இல்லை என்றால் அந்த ஃபைல்களை யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

இன்ஸ்டாலரே டிஸ்க்கைக் காட்டவில்லை.

பயாஸில் டிஸ்க் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருக்கும். ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும். விண்டோஸ் வேண்டும் என்பவர்கள் நேரடியாக மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் வழியாக சேஃப் பூட் டிக் போட்டு, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் மாற்றி, விண்டோஸ் ஒரு தடவை சேஃப் மோடில் எழும்பிய பிறகு டிக்கை எடுங்கள். மேலே சொன்ன 48 இலக்கச் சாவி இதற்கும் கையில் இருக்கட்டும்.

எழும்பும்போது ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு “எமர்ஜென்சி மோட்” என்கிறது.

ஈடிசி ஃபோல்டரில் எஃப்எஸ்டேப் என்ற ஃபைல் இருக்கிறது. எந்தெந்தப் பார்ட்டிஷனைத் திறக்க வேண்டும் என்ற பட்டியல் அது. பட்டியலில் இருக்கும் ஒன்று டிஸ்க்கில் இல்லையென்றால் சிஸ்டம்டி 1 நிமிடம் 30 நொடி காத்திருக்கும். இரண்டாவதாக ஒரு லினக்ஸ் போட்டு, அது ஸ்வாப்பை (மெமரிக்குத் துணையான டிஸ்க் பகுதி) ஃபார்மட் செய்து அடையாள எண்ணை மாற்றிவிட்டால் முதல் லினக்ஸ் எமர்ஜென்சி மோடுக்குப் போகாவிட்டாலும் இந்த ஒன்றரை நிமிடம் தவிக்கும். லைவ் பென்டிரைவில் எழும்பி, அந்த ஃபைலில் இல்லாத பார்ட்டிஷனின் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் போதும்.

“இனிட்ராம்எஃப்எஸ்” என்று அடைப்புக்குறியில் வந்து நிற்கிறது. நேற்று வரை ஓடியது.

நேற்று கரண்ட் போனதா என்று கேட்பேன். பத்துக்கு எட்டுப் பேர் ஆமாம் என்பார்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கோட்டையூர்ப் பக்கம் பலகாரம் போட்டு விற்கும் ஓர் ஆச்சி வீட்டிலிருந்து போன். ஆர்டர் கணக்கு முழுக்க டெஸ்க்டாப்பில். அதிரசம் யாருக்கு எத்தனை, சீப்புச் சீடை யாருக்கு எத்தனை கிலோ, சென்னைக்கு எது, சிங்கப்பூருக்கு எது, எல்லாம் அதில்தான். யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. அந்த வாரம் மாலையில் இடியும் மழையுமாக மூன்று தடவை கரண்ட் போய் வந்திருக்கிறது. நான் போனபோது திரையில் அந்த ஒற்றை வரி. அடுப்படியிலிருந்து எண்ணெய்ப் புகை. ஆச்சி கையில் மாவோடு வந்து நின்று, “தம்பி, கணக்கு இருக்கா போச்சா, அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

எக்ஸிட் என்று தட்டினேன். எந்தப் பார்ட்டிஷனில் கோளாறு என்று அதுவே சொன்னது: எஸ்டிஏ2. பிறகு டிஸ்க்கின் ஃபைல் அமைப்பைச் சரிபார்க்கும் கட்டளை: எஃப்எஸ்சிகே, இடைவெளி, சிறுகோடு ஒய், இடைவெளி, சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்டிஏ2. திரை முழுக்க “ஃபிக்ஸ்ட்” என்று நான்கைந்து நிமிடம் ஓடியது. ரீபூட் என்று தட்டினேன், எழும்பியது. கணக்கு இருந்தது. முதல் வேலையாக அதை ஒரு பென்டிரைவில் எடுத்தோம். அதன் பிறகுதான் டிஸ்க்ஸ் என்ற செயலியில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன்; டிஸ்க்கில் பழுதான செக்டர்கள் கூடியிருந்தன.

அதனால் ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால் எஃப்எஸ்சிகே அதற்கு இன்னும் சுமை. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் எதையும் தட்டாமல் அணையுங்கள், முதலில் ஃபைலை வெளியே எடுக்க வேண்டும்.

பழைய டெஸ்க்டாப். ஒரு நாள் எழும்புகிறது, ஒரு நாள் இல்லை. தேதியும் தப்பாகக் காட்டுகிறது.

மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெயர் சிஆர் 2032. 20 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். புதிதாக இருக்கும்போது 3 வோல்ட். அது தீர்ந்தால், சுவிட்சை அணைத்துப் போட்டதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்குப் போகும். நீங்கள் ஏஎச்சிஐ வைத்திருந்தால் ஐடிஇ ஆகிவிடலாம், யூஇஎஃப்ஐ லெகசி ஆகிவிடலாம். தேதி பின்னால் போவதால் எஃப்எஸ்சிகே “லாஸ்ட் மவுன்ட் டைம் எதிர்காலத்தில் இருக்கிறது” என்று வேறு புலம்பும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு ஒரே மாதத்தில் மூன்று தடவை போய் கிரப்பைச் சரிசெய்தேன். ஞாயிறு விடுமுறைக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், திங்கள் காலையில் போன் வரும். மூன்றாவது திங்கள்தான் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். சில பத்து ரூபாய் பேட்டரி. மூன்று தடவைக்கான பெட்ரோல் காசை நான் கேட்கவில்லை.

அரசு தந்த லேப்டாப் வீட்டில் கிடக்கிறது. அதில் பென்டிரைவே எழும்ப மாட்டேன் என்கிறது.

2011-ல் திட்டம் தொடங்கியபோது வந்தவையெல்லாம் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன. முதலில் பிராசஸர் 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் மட்டும் என்றால் இன்றைய உபுண்டுவும் மின்டும் ஏறாது. டெபியன் 12 வரை 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் உண்டு; 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் அது கிடையாது. 64 பிட் என்றால் மெமரியைப் பாருங்கள்: மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி, நிம்மதிக்கு 4. நான் என்றால் முதலில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுவேன்.

பிராசஸர் சரியாக இருந்தும் பென்டிரைவ் எழும்பவில்லை என்றால் இறக்கிய ஃபைலைச் சந்தேகப்படுங்கள். ஃபைல் முழுதாக இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 கூட்டுத்தொகையை, இறக்கிய தளத்தில் தந்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரணப் பென்டிரைவில் ஐஎஸ்ஓ ஃபைலை இழுத்துப் போட்டால் அது பூட் ஆகாது, ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும், அல்லது வென்டாய் நிறுவிய பென்டிரைவில் போட வேண்டும். முன்பக்க யூஎஸ்பியை விட்டுப் பின்பக்கத்தில் செருகிப் பார்ப்பதும் பலன் தரும்.

பூட் ரிப்பேர் என்கிறீர்களே, அது என்ன?

லைவ் பென்டிரைவில் எழும்பி இயக்கும் ஒரு கருவி. மின்ட் லைவ் மெனுவில் ஏற்கெனவே இருக்கிறது. உபுண்டுவில் இணையத்திலிருந்து நிறுவ வேண்டும். “ரெகமண்டட் ரிப்பேர்” அமுக்கினால் பெரும்பாலான கிரப் கோளாறுகளை அதுவே சரிசெய்யும். ஆனால் விண்டோஸ் பிட்லாக்கரில் பூட்டியிருந்தாலோ, டிஸ்க் சத்தம் போட்டாலோ அமுக்காதீர்கள். அது ஓர் அறிக்கையும் தரும். எனக்கு அந்த அறிக்கை போதும், பாதி வேலை முடிந்தது.

அதற்கு நெட் வேண்டும். பெரிய வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்பும் செங்கலுமாக எவ்வளவு தடிமன் என்று தெரியும். முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாம் கட்டுக்கு வராது. போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள், லைவ் லினக்ஸ் உடனே எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸ் மெனுவில் விண்டோஸ் காணோம்.

கிரப் 2.06-லிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் தானாக ஓடாது. ஈடிசியில் டீஃபால்ட் ஃபோல்டரில் இருக்கும் கிரப் ஃபைலில், கிரப் டிசேபிள் ஓஎஸ் புரோபர் என்ற வரியை ஃபால்ஸ் என்று வைத்து, சூடோ அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். அந்த வரியில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு, எல்லாம் பெரிய எழுத்து. ஃபால்ஸ் மட்டும் சிறிய எழுத்து.

எதுவும் சரிவரவில்லை, உங்களிடமோ வேறு யாரிடமோ கொண்டு போகிறேன். என்ன எடுத்துவர வேண்டும்?

திரையின் போட்டோ. இன்ஸ்டால் பண்ணிய அதே பென்டிரைவ். பயாஸ் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் அது. எந்த ஃபோல்டர் போனால் உயிர் போகும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில். அப்புறம் சார்ஜர். தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு, சார்ஜரை எடுக்கத் திரும்ப ஊருக்குப் போனவர்கள் உண்டு.